கணக்கில் வராத தேய்மானம்

கிடங்குகளில் சுமை தூக்குவோரின் உடல்நலம் குறித்து வணிகர்களும் கிடங்கு உரிமையாளர்களும் அறிய வேண்டியவை

கிடங்கிலுள்ள சரக்கின் பேரில் கடன் கோரி ஒருவர் வங்கிக்கு வரும்போது நாங்கள் பல கேள்விகளைக் கேட்கிறோம். சரக்கின் எடை என்ன, தரம் என்ன, ஈரப்பதம் எவ்வளவு, பூச்சி மருந்துப் புகையூட்டல் எப்போது நடந்தது, தீ, வெள்ளம், திருட்டு ஆகியவற்றுக்குக் காப்பீடு உண்டா என ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறோம். 2007ஆம் ஆண்டின் கிடங்கு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு பெற்ற கிடங்கின் ரசீதைக் கைமாற்றத்தக்க ஆவணமாக்கியது. 2017 முதல் அந்த ரசீது மின்னணு வடிவில் வழங்கப்படுகிறது. ஒரு மூட்டை கோதுமைக்கு இத்தனை பாதுகாப்பு இருக்கிறது. அம்மூட்டையை லாரியிலிருந்து இறக்கி, தோளில் சுமந்து, அட்டியின் உச்சியில் அடுக்கியவரின் முதுகைப் பற்றிக் கேட்பதற்கு மட்டும் எங்கள் படிவங்களில் இடமில்லை.

வணிகவியல் பயின்றவர்களுக்குத் தேய்மானம் என்பது முதலாம் ஆண்டுப் பாடம். கிடங்கில் எடைப்பாலமோ தூக்கும் இயந்திரமோ வாங்கினால், அது ஆண்டுதோறும் மதிப்பிழக்கும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு இலாபத்தில் ஒரு பகுதியை ஒதுக்குகிறோம். வருமான வரிக் கணக்கில் பொதுவான இயந்திரங்களுக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு தேய்மானம் அனுமதிக்கப்படுகிறது. அதே கிடங்கில் அதே சுமையைத் தாங்கும் மனித முதுகெலும்பும் தேய்கிறது. அதற்கான ஒதுக்கீடு எந்தப் பேரேட்டிலும் காணப்படுவதில்லை. மண்டிப் பட்டியலில் ஏற்றுகூலி, இறக்குகூலி என்று ஒரு வரி இருக்கும். வடமாநிலங்களில் அதனை ஹமாலி என்பர். அந்த வரி அன்றைய உழைப்புக்கு மட்டுமே விலை கூறுகிறது.

ஒரு நாளின் சுமை

முதலில் ஓர் எளிய கணக்கு. பத்து டன் தானியம் ஏற்றிய ஒரு லாரியில் 50 கிலோ மூட்டைகள் 200 இருக்கும். நான்கு பேர் அதனை இறக்கினால் ஒருவர் பங்குக்கு 50 மூட்டைகள், அதாவது இரண்டரை டன். நாளொன்றுக்கு இரண்டு லாரிகள் வந்தால் ஒருவர் சுமப்பது ஐந்து டன். இது வெறும் எடை மட்டுமே. அந்த எடையுடன் நடந்த தூரமும், மூட்டைகளையே படிகளாக அமைத்து அட்டியின்மீது ஏறிய உயரமும் இதில் சேரவில்லை.

பஞ்சாபின் கன்னா தானியச் சந்தையிலும், ஆந்திரத்தின் குண்டூர் மிளகாய்ச் சந்தையிலும், நவி மும்பையின் வாஷி மொத்தச் சந்தையிலும், பிவண்டியின் கிடங்குத் தொகுதிகளிலும் இந்தக் கணக்கு அன்றாடம் நடக்கிறது. தானியம் ரயிலில் வந்தால் அவசரமும் சேர்ந்துகொள்கிறது. 42 பெட்டிகள் கொண்ட ஒரு சரக்கு ரயில் ஏறத்தாழ 2,600 டன் கொண்டுவருகிறது. மூட்டைக் கணக்கில் அது 52,000. குறித்த மணி நேரத்துக்குள் இறக்காவிட்டால் ரயில்வேக்குத் தாமதக் கட்டணம் செலுத்த வேண்டும். எனவே மழையானாலும் நள்ளிரவானாலும் வேலை நிற்பதில்லை.

கூலி பெரும்பாலும் மூட்டைக் கணக்கில் தரப்படுகிறது. நிதானமாகத் தூக்குபவருக்கு வருவாய் குறைவு. விரைந்து தூக்குபவருக்கு வருவாய் அதிகம். ஓய்வெடுக்கும் ஒவ்வொரு நிமிடத்தின் விலையையும் தொழிலாளியே செலுத்துகிறார். ஆகவே, ‘மெதுவாகத் தூக்குங்கள்’ என்னும் அறிவுரை மட்டும் பயன் தராது.

முதுகுக்குள் நடப்பது

நம் இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றுக்கிடையே அதிர்வைத் தாங்கும் வட்டுகள் இருக்கின்றன. வட்டின் வெளிப்புறம் உறுதியான நார்வளையம். உட்புறம் கூழ் போன்ற மென்பொருள். குனிந்து சுமையைத் தூக்கும்போது முதுகுத் தசைகள் நெம்புகோலின் குட்டையான பக்கத்திலிருந்து இழுக்கின்றன. அத்தசைகள் முதுகெலும்பின் மையத்திலிருந்து சுமார் ஐந்து சென்டிமீட்டர் தொலைவிலேயே இருக்கின்றன. கையிலுள்ள சுமை 50 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், அதைச் சமன்செய்யத் தசைகள் அதன் எடையைப் போல் பத்து மடங்கு விசையுடன் இழுக்க வேண்டும். 20 கிலோ பெட்டிக்காக 200 கிலோ எடைக்கு ஈடான இழுவிசை தேவைப்படுகிறது. குனிந்திருக்கும் மேலுடலின் எடையையும் தசைகள் தாங்கவேண்டும். இவ்விசை முழுவதும் வட்டுகளை நசுக்குகிறது.

ஒருமுறை தூக்குவதால் பொதுவாக வட்டு கிழிந்துவிடுவதில்லை. பல்லாயிரம் முறை தூக்கும்போது நார்வளையத்தில் நுண்ணிய விரிசல்கள் உண்டாகின்றன. ஒருநாள் உள்ளிருக்கும் கூழ் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. இடுப்பிலிருந்து கால்வரை மின்சாரம் பாய்வதுபோன்ற வலி தோன்றுகிறது. இதையே சயாட்டிகா என்கிறோம். பெரும்பாலும் கடைசி இரண்டு வட்டுகளே இவ்வாறு பாதிக்கப்படுகின்றன. இரவு உறக்கத்தில் வட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்திருப்பதால், விழித்தெழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஆழமாகக் குனிந்து தூக்குவது மேலும் ஆபத்தானது. அதிகாலையில் லாரி இறக்கும் சந்தைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

தலையில் சுமப்போருக்குக் கழுத்தெலும்புத் தேய்வு, தோளில் சுமப்போருக்குத் தோள்மூட்டுத் தசைநாண் கிழிவு, படியேறுவோருக்கு முழங்கால் மூட்டுத் தேய்வு, மூச்சடக்கித் தூக்குவோருக்குக் குடலிறக்கம் ஆகியன ஏற்படலாம். அட்டி சரிதல், விரல் நசுங்குதல் போன்ற விபத்துகள் வேறு. விபத்து எல்லோர் கண்ணிலும் படுகிறது. தேய்வை, அது வேலையை நிறுத்தும் நாள்வரை எவரும் காண்பதில்லை.

இங்கு ஒரு மருத்துவ எச்சரிக்கையையும் பதிவுசெய்ய வேண்டும். முதுகுவலியுடன் சிறுநீர் கழிப்பதில் தடை, மலம் அடக்க இயலாமை, தொடைகளின் உட்புறமும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போதல், கால்கள் வலுவிழத்தல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எண்ணெய் தடவிக் காத்திருத்தல் கூடாது. தாமதித்தால் பாதிப்பு நிலைத்துவிடக்கூடும்.

எவ்வளவு எடை தகும்?

அமெரிக்காவின் தேசியப் பணிப் பாதுகாப்பு மற்றும் உடல்நல நிறுவனம் 1991இல் திருத்தியமைத்த ஒரு சூத்திரம் உலகெங்கும் பயன்படுகிறது. அதன்படி, மிகச் சிறந்த சூழலில், அதாவது சுமை உடலை ஒட்டியிருந்து, இடுப்புக்குச் சற்றுக் கீழான உயரத்தில், உடலைத் திருப்பாமல், எப்போதாவது தூக்கும்போது, பரிந்துரைக்கப்படும் உச்ச எடை 23 கிலோ. தரை மட்டத்திலிருந்து எடுத்தால் அது சுமார் 18 கிலோவாகக் குறைகிறது. சுமை உடலிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளியும் இருந்தால் அதிலும் பாதி, ஏறத்தாழ 9 கிலோ. உடலைத் திருப்பினாலோ அடிக்கடி தூக்கினாலோ மேலும் குறையும்.

இச்சூத்திரம் இரு கைகளால் தூக்கும் செயலுக்கே உரியது. தலையிலோ தோளிலோ ஏற்றியபின் சுமந்து நடப்பதற்கு நேரடியாகப் பொருந்தாது. ஆயினும் அது கற்பிக்கும் பாடம் தெளிவானது. சுமையின் எடையைப் போலவே, அது இருக்கும் இடமும் உயரமும் முதுகின் விதியைத் தீர்மானிக்கின்றன. நம் நாட்டு 50 கிலோ மூட்டை, மிகச் சிறந்த சூழலுக்குரிய வரம்பைப் போல் இருமடங்குக்கும் மேலாக உள்ளது.

இந்த 50 கிலோ இயற்கை வகுத்த எல்லை அன்று. ஒருகாலத்தில் தானியத்துக்கும் சர்க்கரைக்கும் 95, 100 கிலோ மூட்டைகள் வழக்கத்தில் இருந்தன. 2018இல் யூரியா மூட்டையின் எடை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைக்கப்பட்டது. அதன் நோக்கம் உரப் பயன்பாட்டைச் சிக்கனப்படுத்துவதே, முதுகைக் காப்பதன்று. எனினும் வணிக உலகம் நினைத்தால் மூட்டையின் எடையை மாற்ற இயலும் என்பதற்கு அது சான்று.

காப்பீடு எதுவரை?

சில ஆண்டுகளுக்கு முன் மேற்கு இந்தியாவில் ஒரு கிளையில் பணியாற்றியபோது, ஒப்பந்ததாரர் மூலம் கிடங்கில் வேலை செய்த ஒரு சுமைத் தொழிலாளியின் கணக்கை அறிந்தேன். சனிக்கிழமைதோறும் ஒரு தொகை செலுத்துவார். மகளின் படிப்புக்கெனத் தொடர் வைப்புக் கணக்கும் வைத்திருந்தார். ஒரு பருவத்தில் சனிக்கிழமை வரவுகள் சிறுத்தன; பின்பு நின்றன. தொடர் வைப்பு முதிர்வுக்கு முன்பே முடிக்கப்பட்டது. அடுத்து நகைக் கடன். இறுதியில் பாஸ் புத்தகத்துடன் என் மேசைக்கு வந்தார். ஆண்டுதோறும் விபத்துக் காப்பீட்டுக்காகப் பிடிக்கப்பட்ட தொகையைச் சுட்டிக்காட்டிக் கேட்டார்: “சார், கையும் காலும் இருக்கின்றன. மூட்டைதான் தூக்க முடியவில்லை. இதற்குப் பணம் வராதா?”

வராது என்பதே விடை. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா மிகச் சிறந்த திட்டம். இப்போது ஆண்டுக்கு 20 ரூபாய் சந்தாவில் 18 முதல் 70 வயதுவரை உள்ளோர் சேரலாம். விபத்தில் உயிரிழந்தாலோ, இரு கண்களையோ இரு கைகால்களின் செயலையோ முற்றிலும் இழந்தாலோ 2 லட்சம் ரூபாய். ஒரு கண் அல்லது ஒரு கை, கால் இழந்தால் 1 லட்சம் ரூபாய். ஒவ்வொரு தொழிலாளியும் இதில் அவசியம் சேர வேண்டும். ஆனால் பத்தாண்டுகளாகத் தேய்ந்து பிதுங்கிய வட்டு இந்த வரையறைக்குள் அடங்காது. விபத்து என்றால் ஒரு நாளும் ஒரு நேரமும் வேண்டும். தேய்வுக்கு அப்படியொரு தேதி இல்லை.

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் இயற்றப்பட்டது. பணியின்போதும் பணியின் காரணமாகவும் நேர்ந்த காயத்துக்கு முதலாளி பொறுப்பு என்பது அதன் அடிப்படை. அட்டி சரிந்து கால் முறிந்தால் இதை நிறுவுவது எளிது. முதுகுவலியோ, வயதால் வந்ததா, பழைய வேலையால் வந்ததா, வீட்டில் வந்ததா என்ற வழக்காடலில் சிக்கிக்கொள்கிறது. ஆகவே, இவ்வகைப் பாதிப்புக்கு நம்பத்தக்க காப்பீடு, அது வராமல் தடுப்பது மட்டுமே.

சட்டம் கூறுவது

எவருக்கும் காயம் விளைவிக்கத்தக்க அளவு கனமான சுமையைத் தூக்கவோ நகர்த்தவோ வைக்கக்கூடாது என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவு. அதன்கீழ்ப் பல மாநிலங்கள் வகுத்த விதிகளில் ஆணுக்கு 55 கிலோ, பெண்ணுக்கு 30 கிலோ என உச்ச வரம்பு குறிக்கப்பட்டது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரையும் ஆணுக்கு 55 கிலோவையே எல்லையாகக் காட்டுகிறது. தொழிற்சாலைகள் சட்டம் உட்பட 13 சட்டங்களை ஒருங்கிணைத்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஒவ்வொரு பணியாளருக்கும் பணி நியமனக் கடிதம் தரப்பட வேண்டும் என்று அது கூறுகிறது. காயமுற்றபின் ‘இவர் எங்கள் ஆள் அல்லர்’ என்னும் மறுப்பை எதிர்கொள்ள அக்கடிதமே முதல் ஆவணம்.

சுமைத் தொழிலாளருக்கென்றே இயற்றப்பட்ட சட்டங்களில் முன்னோடி, மகாராஷ்டிரத்தின் 1969ஆம் ஆண்டு மாத்தாடிச் சட்டம். மராத்தியில் தலை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது மாத்தாடி என்னும் பெயர். அண்ணாசாகேப் பாட்டீல் தலைமையில் திரண்ட தொழிலாளரின் நெடிய முயற்சி அதன் பின்னணியில் உள்ளது. தொழிலாளி ஒரே நாளில் பல வணிகர்களிடம் வேலை செய்வதால் எவரும் பொறுப்பேற்பதில்லை என்பதே அடிப்படைச் சிக்கல். இச்சட்டம் வாரியங்களை அமைத்தது. வணிகர் கூலியுடன் குறிப்பிட்ட விழுக்காடு கூடுதல் தொகையையும் வாரியத்தில் செலுத்துவார். அதிலிருந்து வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, மருத்துவ வசதி முதலியன வழங்கப்படும். முதுகுக்குத் தேய்மானம் ஒதுக்கும் முறை ஒன்று உண்டென்றால், அது இதுதான். 1978இல் கேரளமும் 1982இல் தமிழ்நாடும் தத்தம் சட்டங்களை இயற்றின. கேரளம் 2021இல் ஒருவர் சுமக்கத்தக்க உச்ச எடையை 75 கிலோவிலிருந்து 55 கிலோவாகவும், பெண்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் 35 கிலோவாகவும் குறைத்தது.

பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில், மாதம் 21,000 ரூபாய்வரை ஊதியம் பெறுவோருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு, தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு. நோயுற்றால் ஊதியத்தில் 70 விழுக்காடு 91 நாள்வரையிலும், பணிக்காயத்தால் தற்காலிகமாக இயலாமற்போனால் 90 விழுக்காடும் கிடைக்கும். முதுகுவலி விபத்தா, நோயா என்ற வழக்கு எப்படி முடிந்தாலும், நோய்க்கால உதவியேனும் கைக்கு வரும். ஒப்பந்தத் தொழிலாளரையும் இதில் சேர்ப்பது முதன்மை முதலாளியின் கடமை.

கிடங்கில் செய்யத்தக்கவை

இடுப்புப் பட்டை வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். காயமில்லாத தொழிலாளரை அத்தகைய பட்டை காக்கும் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று மேற்குறித்த அமெரிக்க நிறுவனம் 1994லேயே கூறிவிட்டது. தூக்கும் முறையைப் பற்றிய பயிற்சியும் தனித்து நின்று பெரும்பயன் தருவதில்லை என்பதே ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் கண்டது. மாற்ற வேண்டியது வேலையின் அமைப்பையே. அதற்கான வழிகள் சில:

1. தரையிலிருந்து தூக்குவதைத் தவிர்த்தல். மூட்டைகளை மேசை உயரத் தளத்தில் இறக்கினாலே முதுகின் பளு பெரிதும் குறையும். கிடங்கின் தளத்தை லாரியின் தளத்துக்குச் சமமாக உயர்த்திக் கட்டினால் ஏறி இறங்கும் வேலை நின்றுவிடும்.

2. தூரத்தைச் சக்கரத்திடம் ஒப்படைத்தல். கையால் இழுக்கும் பேலட் டிரக் இரண்டு டன்வரை நகர்த்தும். அதன் விலை ஒரு மோட்டார் சைக்கிளின் விலையைவிடக் குறைவு. தரை சமமாக இருப்பது மட்டுமே அதற்குத் தேவை.

3. உயரத்தை இயந்திரத்திடம் ஒப்படைத்தல். அட்டி உயர உயர ஆபத்தும் உயரும். சாய்வான கன்வேயர் பட்டை மூட்டையை மேலே கொண்டுசெல்லும். மனிதர் அடுக்கினால் போதும்.

4. சிறிய மூட்டைகளைக் கேட்டல். 25 கிலோ பையில் சரக்கு அனுப்புமாறு விற்பவரிடம் வாங்குபவர் கோரலாம். மொத்தக் கொள்முதல் செய்வோர் கேட்டால் ஆலைகள் தருகின்றன.

5. மூட்டைக் கூலியுடன் நிலையான நாட்கூலி ஒரு பகுதியைச் சேர்த்தல். மணிக்கு ஒருமுறை சிறு ஓய்வு, குடிநீர், கோடையில் காற்றோட்டம் ஆகியவற்றை உறுதிசெய்தல். தூக்குபவரும் அடுக்குபவரும் இடம் மாறி வேலை செய்தல்.

6. காயப் பதிவேடு வைத்தல். எந்த நாளில் யாருக்கு எங்கே வலித்தது என்று ஒரு நோட்டில் எழுதினாலே, எந்த இடத்தில் எந்தச் சரக்கு ஆளை வீழ்த்துகிறது என்பது மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். பின்னாளில் இழப்பீடு கோரும் தொழிலாளிக்கும் அந்தப் பதிவே தேதியாக நிற்கும்.

வங்கியிடம் கேட்க வேண்டியது

கிடங்குக்குக் கடன் கோரும் பலர் கட்டடம், கூரை, எடைப்பாலம் ஆகியவற்றை மட்டும் திட்ட அறிக்கையில் காட்டுகின்றனர். சுமை நகர்த்தும் சாதனங்களையும் தொடக்கத்திலேயே மதிப்பீட்டில் சேர்க்கலாம். 2020இல் தொடங்கப்பட்ட வேளாண் உள்கட்டமைப்பு நிதியின்கீழ், அறுவடைக்குப் பிந்தைய கிடங்கு வசதிகளுக்கு 2 கோடி ரூபாய்வரையிலான கடனுக்கு ஏழு ஆண்டுகள்வரை 3 விழுக்காடு வட்டிச் சலுகை கிடைக்கிறது. சிறு வணிகர்கள் முத்ரா திட்டத்தில் சாதனக் கடன் பெறலாம். ஒரு கன்வேயரின் மாதத் தவணையையும், அது மிச்சப்படுத்தும் நேரத்தையும், திறமையான ஒரு தொழிலாளி பாதியில் விலகினால் ஏற்படும் இழப்பையும் அருகருகே எழுதிப் பாருங்கள். பல கிடங்குகளில் இக்கணக்கு முதலீட்டுக்குச் சாதகமாகவே முடியும்.

தொழிலாளர்களை வங்கிக் கிளைக்கு அழைத்து வாருங்கள். அல்லது எங்களைக் கிடங்குக்கு அழையுங்கள். சுரக்ஷா பீமா, ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் உயிர்க்காப்பு தரும் ஜீவன் ஜோதி பீமா, 18 முதல் 40 வயதினருக்கான அடல் ஓய்வூதியத் திட்டம், அமைப்புசாராத் தொழிலாளருக்கான இ-ஷ்ரம் பதிவு ஆகியவற்றை ஒரே நாளில் முடித்துவிடலாம். கூலியை வங்கிக் கணக்கில் செலுத்துவதும் நன்று. வேலை செய்ததற்கும் பெற்ற ஊதியத்துக்கும் அதுவே மறுக்க முடியாத சான்று.

அடுத்த முறை சரக்கு இருப்பு அறிக்கையைத் தயாரிக்கும்போது, அதே தாளின் பின்புறம் மூன்று எண்களை எழுதிப் பாருங்கள்: உங்கள் கிடங்கில் ஒரு மூட்டையின் எடை, அதை ஒருவர் சுமக்கும் தூரம், ஏறும் உயரம். இவற்றுள் எதை இந்த ஆண்டில் குறைக்க இயலும் என்பதை அங்கு வேலை செய்வோரிடமே கேளுங்கள். விடை அவர்களுக்கு நெடுநாளாகத் தெரியும்.